கோப்ரா வாங்க நினைப்பவர் முன்னுள்ள வழிகள்: அசல், கன்டினியுவேஷன், ரெப்ளிக்கா, கிட்

"1965 ஷெல்பி கோப்ரா 427 எஸ்/சி, நேர்த்தியான நிலையில்" என்று அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ ஒரு விளம்பரம் வெளியானால், அந்த ஒரு வரியை வைத்து விற்பனைக்கு வந்திருப்பது எந்த வண்டி என்று யாராலும் சொல்லிவிட முடியாது. அது உண்மையிலேயே 1965-இல் தயாரான, பத்து லட்சம் டாலருக்கு மேல் விலைபோகும் வண்டியாக இருக்கலாம். ஷெல்பியின் நிறுவனமே பல ஆண்டுகள் கழித்துச் செய்து விற்ற கன்டினியுவேஷன் வண்டியாக இருக்கலாம். உரிமம் பெற்றுத் தென்னாப்பிரிக்காவில் செய்யப்பட்ட ரெப்ளிக்காவாக, அதாவது நகலாக, இருக்கலாம். யாரோ ஒருவர் தம் வீட்டு கராஜில் பழைய மஸ்டாங் ஒன்றின் பாகங்களைக் கொண்டு பூட்டிய கிட் காராகவும் இருக்கலாம். இவற்றுள் எதுவும் தன்னளவில் மோசமான வண்டி அன்று. வார இறுதியில் ஓட்டி மகிழ்வதற்கு மட்டும் என்றால், கடைசியாகச் சொன்னதே முதலில் சொன்னதைவிட வசதியாக அமைவதும் உண்டு. கேடு விளைவது, ஒரு வகை வண்டி இன்னொரு வகைக்குரிய சொற்களைக் கொண்டு விற்கப்படும்போதுதான். ஆகவே இந்த வழிகளை ஒப்பிடும்போது வண்டியின் தரத்தோடு, அந்தந்த வண்டியைப் பற்றி நேர்மையாகச் சொல்லக்கூடிய வாக்கியம் எது, வழக்கமாகச் சொல்லப்படும் வாக்கியம் எது என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டியிருக்கிறது.

கோப்ராவை எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. மறுபடைப்புக்கு இவ்வளவு எளிதில் இடம்கொடுத்த பழைய ஸ்போர்ட்ஸ் கார் வேறு இல்லை. 1959-இல் ஆஸ்டன் மார்ட்டினுக்காக லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தை வென்ற டெக்சாஸ்காரர் கேரல் ஷெல்பி, இதய நோயால் பந்தய ஓட்டத்தை விட்டபின், இங்கிலாந்தின் தேம்ஸ் டிட்டன் ஊரில் இருந்த ஏ.சி. கார்ஸ் நிறுவனத்தின் 'ஏஸ்' வண்டியில் ஃபோர்டின் வி8 எஞ்சினைப் பொருத்தலாம் என்று யோசனை சொன்னார். ஏ.சி.க்கு எஞ்சின் கொடுத்துவந்த பிரிஸ்டல் அதன் தயாரிப்பை நிறுத்தும் நேரம் அது. ஃபோர்டுக்கோ செவர்லேயின் கார்வெட்டை எதிர்கொள்ள ஒரு வண்டி வேண்டியிருந்தது. 1962-இல் பிறந்த கோப்ராவின் உடலும் சட்டகமும் இங்கிலாந்தில் செய்யப்பட்டு, எஞ்சின் இல்லாமலேயே லாஸ் ஏஞ்சல்ஸுக்கு அனுப்பப்பட்டு, அங்கே ஃபோர்டு எஞ்சின் ஏற்றப்பட்டது. எஞ்சினின் கொள்ளளவு முதலில் 260 கன அங்குலம், பிறகு 289, கடைசியில் ஏழு லிட்டர் கொண்ட 427. அறுபதுகளில் எல்லா வகையும் சேர்ந்து ஏறத்தாழ ஆயிரம் வண்டிகளே தயாராயின. 427-க்கான சட்டகம் கொண்டவை அவற்றில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். சி.எஸ்.எக்ஸ். 2000 என்ற சேஸிஸ் (சட்டக) எண் கொண்ட முதல் வண்டி, 2016-இல் கலிபோர்னியாவின் மான்டரேயில் நடந்த ஏலத்தில் 1.375 கோடி டாலருக்குப் போனது.

வடிவமைப்பைப் பார்த்தால் அது மிக எளிய வண்டி. நீளவாக்கில் இரண்டு பெரிய எஃகுக் குழாய்கள், அவற்றை இணைக்கும் குறுக்குக் குழாய்கள், மேலே கையால் அடித்து வளைத்த அலுமினியத் தகடு. 289 வகையில் அந்த முதன்மைக் குழாய்களின் விட்டம் மூன்று அங்குலம். 427 வகையில் நான்கு. இதற்கான குழாயை எந்த இரும்புக்கடையிலும் வாங்கலாம், உடலுக்கு ஃபைபரில் அச்சு எடுக்கலாம், ஃபோர்டு வி8 அமெரிக்காவின் எந்த ஊரிலும் கிடைக்கும். விளைவாக, இன்று உலகில் ஓடும் 'கோப்ரா'க்களில் அசல்களைவிட மற்றவை பல மடங்கு அதிகம்.

அசல் வண்டி

பணம் ஒரு தடையில்லை என்பவர் முதலில் நினைப்பது அசலைத்தான். இங்கே ஒரு நல்ல வாய்ப்பு உண்டு. 1975-இல் தொடங்கப்பட்ட ஷெல்பி அமெரிக்கன் ஆட்டோமொபைல் கிளப், ஒவ்வொரு அசல் வண்டியின் சேஸிஸ் எண், முதல் விற்பனை, கைமாறிய வரலாறு, விபத்து, நிறமாற்றம் ஆகியவற்றைத் திரட்டிப் பதிவேடாக வைத்திருக்கிறது. 260, 289 எஞ்சின் வண்டிகளுக்கு சி.எஸ்.எக்ஸ். 2000 வரிசை; 427 வண்டிகளுக்கு 3000 வரிசை. பதிவேட்டில் அந்த எண்ணுக்கு எதிரே என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்காமல் அசல் என்ற பெயருக்கு ஒரு டாலர்கூடக் கொடுக்கக் கூடாது. அதிலும், ஒரே எண்ணுக்கு இரண்டு வண்டிகள் உரிமை கோரும் நிலை பழைய பந்தய வண்டிகளின் உலகில் புதிதன்று. நொறுங்கிய வண்டியின் சட்டகம் ஒருவரிடமும் அதன் எண் தகடும் பத்திரங்களும் இன்னொருவரிடமும் போய்ச்சேர, இருவரும் தனித்தனியே வண்டி கட்டி முடித்தால், சிக்கல் மூன்றாவதாக வாங்குகிறவர் தலையில்தான் விடியும்.

அசல் வண்டியிலும் எல்லாம் சொன்னபடி இருக்கும் என்பதில்லை. 427 என்று பக்கவாட்டில் எண் பொறித்து விற்கப்பட்ட தெருவண்டிகள் சிலவற்றில், தொழிற்சாலையிலேயே 428 எஞ்சின் போட்டுக் கொடுத்தார்கள். பெயரில் ஒரு கன அங்குலம் கூடுதல் என்றாலும், 428 என்பது பெரிய குடும்பக் கார்களுக்கென்று செய்யப்பட்ட, விலை குறைந்த எஞ்சின். 427-ஓ பந்தயத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. வண்டியைத் தூக்கிவைத்து எஞ்சின் பிளாக்கின் அடிப்பக்கத்தை, ஆயில் பேனுக்குச் சற்று மேலே, பக்கவாட்டில் பார்த்தால் வித்தியாசம் தெரியும். 427-இல் முதன்மை பேரிங் மூடிகளைக் குறுக்காகப் பிணைக்கும் போல்ட்டுகளின் தலைகள் வெளியே தெரியும். 428-இல் அவை இரா. தொழிற்சாலையே செய்ததாகையால் 428 கொண்ட வண்டியும் அசல்தான். ஆனால் 427 எஞ்சின் கொண்ட வண்டியின் விலையை அதற்குக் கேட்பவர் எதையோ மறைக்கிறார்.

'அசல்' என்பதற்கு எதை அளவுகோலாகக் கொள்வது என்ற கேள்வியை நீதிமன்றம் ஒன்று நேருக்குநேர் சந்தித்த வழக்கு கோப்ராவைப் பற்றியதன்று. 1929, 1930 ஆகிய இரு ஆண்டுகளும் லெ மான் பந்தயத்தை வென்ற 'ஓல்டு நம்பர் ஒன்' என்ற பென்ட்லி ஸ்பீட் சிக்ஸைப் பற்றியது. அந்த வண்டியை ஒரு கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்புக்கொண்டவர்கள், அது அசல் அன்று என்று பின்வாங்கியதால், 1990-இல் இலண்டனில் நீதிபதி ஆட்டன் முன்பு விசாரணை நடந்தது. பந்தயக் காலத்திலும் அதற்குப் பிறகும் சட்டகம், எஞ்சின், உடல் என்று ஒவ்வொன்றாக மாற்றப்பட்டிருந்த அந்த வண்டியில் 1929-இன் உலோகம் மிகச் சிறிதே எஞ்சியிருந்தது. ஆயினும் அது ஒருபோதும் கலைக்கப்பட்டு மறைந்துபோய்ப் பிறகு புதிதாகக் கட்டப்பட்டதில்லை. பந்தய வண்டியாகத் தொடங்கி மாறி மாறி இடைவிடாமல் வாழ்ந்து வந்தது. ஆகவே தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபடியே இருக்கிறது என்ற பொருளில் அதை 'ஒரிஜினல்' என்று சொல்ல முடியாவிட்டாலும், அந்தப் பெயருக்கு உரிய மெய்யான வண்டி அதுவே என்று தீர்ப்பாகி, விற்றவர் பக்கம் வென்றது. வாங்குகிறவருக்கு இதில் ஒரு பாடமும் ஓர் எச்சரிக்கையும் உண்டு. தகடு மாற்றிய, எஞ்சின் மாறிய அசல் கோப்ராவைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை, அதன் வரலாற்றுத் தொடர்ச்சிக்குச் சான்று இருக்கும்வரை. அதே சமயம், அறுபதுகளின் பாகங்களையே தேடித் தேடிச் சேர்த்து இன்று கட்டிய வண்டிக்கு எவ்வளவு பழைய உலோகம் இருந்தாலும் அந்தத் தொடர்ச்சி கிடைக்காது.

பயன்படுத்தப்படாத எண்கள்

அடுத்த வழி, நிறுவனமே பிற்காலத்தில் செய்து விற்கும் கன்டினியுவேஷன் வண்டி. இதைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும். தவறான விற்பனை வாசகங்களின் வரலாற்றில் மிகவும் பேசப்பட்ட நிகழ்வு இங்கேதான் நடந்தது.

1965-இல் 427 கோப்ராவைப் பந்தயத் தகுதிக்கு அனுமதிக்க, நூறு வண்டிகள் தயாராகியிருக்க வேண்டும் என்பது சர்வதேச மோட்டார் கூட்டமைப்பான எஃப்.ஐ.ஏ.யின் விதி. ஷெல்பியிடம் அதில் ஏறத்தாழப் பாதியே இருந்ததால் தகுதி மறுக்கப்பட்டது. விற்காமல் தேங்கிய பந்தய வண்டிகளைத் தெருவில் ஓட்டும்படி ஓரளவு திருத்தி 'செமி காம்படிஷன்', சுருக்கமாக எஸ்/சி, என்று விற்றார்கள். பக்கவாட்டில் வெளிப்படையாக ஓடும் புகைக்குழாய்களோடு இன்று ரெப்ளிக்காக்கள் எல்லாம் போட்டுக்கொள்ளும் தோற்றம் அந்தச் சில வண்டிகளுடையதுதான். நூறு வண்டிக்கு ஒதுக்கிய எண்களில் 55 மட்டுமே பயன்பட்டு, எஞ்சியவை ஏட்டில் வெற்றாகவே நின்றன.

எண்பதுகளின் கடைசியில் அசல் 427-களின் விலை வானளவு உயர்ந்தபோது, அந்த வெற்று எண்களுக்கு உயிர் வந்தது. அறுபதுகளில் மிஞ்சிப்போன சட்டகங்களைக் கொண்டு கட்டி முடிக்கப்படும் வண்டிகள் என்ற பேச்சோடு ஷெல்பி புதிய கோப்ராக்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். 1993-இல் 'லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ்' நாளிதழ் இதன் உள்விவரத்தை வெளியிட்டது. பொய்யெனில் தண்டனைக்கு உட்படுவேன் என்ற உறுதிமொழியோடு எழுதிக்கொடுத்து, 43 வண்டிகளுக்குக் கலிபோர்னியா மோட்டார் வாகனத் துறையிடமிருந்து ஷெல்பி நகல் உரிமைப் பத்திரங்களைப் பெற்றிருந்தார். வண்டியைக் கொண்டுவந்து காட்டாமலே, எழுத்து உறுதிமொழியை மட்டும் வைத்துப் பத்திரம் வாங்க அன்றைய நடைமுறை இடம் கொடுத்தது. அந்த எண்களில் தாங்கள் சட்டகம் எதுவும் செய்யவில்லை என்று ஏ.சி. நிறுவனம் தெரிவிக்க, அவை 1991-லும் 92-லும் கலிபோர்னியாவின் டாரன்ஸ் நகரிலுள்ள ஒரு பொறியியல் பட்டறையில் புதிதாகச் செய்யப்பட்டவை என்று ஷெல்பியே பின்னர் ஒப்புக்கொண்டார். கோப்ராவை உருவாக்கிய மனிதரே தம் வண்டிக்குப் பொய்யான பிறப்புக் கதை சொன்னார் என்பதை நினைத்தால், மூன்றாம் கை வியாபாரியின் வாய்ச்சொல்லுக்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது என்பதை வாங்குகிறவரே முடிவுசெய்து கொள்ளலாம்.

இதோடு இரண்டு நிகழ்வுகளை வைத்துப் பார்க்க வேண்டும். அதே 1991-இல், ஆஸ்டன் மார்ட்டின் தன் டி.பி.4 ஜி.டி. ஜகாட்டோ வண்டிக்கு முன்பு ஒதுக்கிப் பயன்படுத்தாமல் விட்ட நான்கு எண்களில், அதன் ஒப்புதலோடு நான்கு புதிய வண்டிகள் கட்டி முடிக்கப்பட்டன. அவற்றுக்கு 'சாங்ஷன் 2' (இரண்டாம் ஒப்புதல்) என்று தனிப்பெயர் உண்டு. பெயரைச் சொன்னாலே எந்தக் காலத்து வண்டி என்பது விளங்கிவிடும். 2014-இல் ஜாகுவார், 1963-இல் 18 என்று திட்டமிட்டு 12 மட்டுமே செய்த இலகு எடை ஈ-டைப்பின் எஞ்சிய ஆறு எண்களில் ஆறு வண்டிகளைச் செய்தது. தொடர்ந்து 1957-இல் ஜாகுவாரின் பிரவுன்ஸ் லேன் தொழிற்சாலைத் தீயில் அழிந்த ஒன்பது எக்ஸ்.கே.எஸ்.எஸ். வண்டிகளுக்கு ஈடாக ஒன்பது, நூறு திட்டமிட்டு 75-இல் நின்ற டி-டைப்பின் மீதிக்கணக்காக 25 என்று நீண்டது இந்த வரிசை. உலோகத்தைப் பொறுத்தவரை இவர்கள் செய்ததும் ஷெல்பி செய்ததும் ஒன்றே: பழைய எண், புதிய சட்டகம். ஆனால் ஜாகுவாரும் ஆஸ்டனும் செய்த ஆண்டைச் சொல்லியே விற்றார்கள், அதனால் அந்த வண்டிகள் எதற்கும் இன்று தலைகுனிய வேண்டியதில்லை.

ஷெல்பியின் நிறுவனமும் பின்னர் தெளிவான பாதைக்கு வந்தது. சி.எஸ்.எக்ஸ். 4000 என்ற புதிய வரிசையில் 427 எஸ்/சி, 7000-இல் 289 பந்தய வகை, 8000-இல் 289 தெருவகை, 9000-இல் டேடோனா கூப்பே என்ற மூடிய பந்தய வகை என்று பிரித்து வெளிப்படையாக விற்கிறார்கள். இவை 'ஷெல்பி' என்ற பெயருக்குச் சட்டப்படி உரியவை. பெரும்பாலும் எஞ்சின் இல்லாமல் விற்கப்பட்டு, வாங்கியவர் விரும்பிய எஞ்சினை ஏற்றிக்கொள்வதால், ஒரே வரிசையின் இரண்டு வண்டிகள் தரத்தில் வெகுவாக வேறுபடலாம். உடலும் ஃபைபரா அலுமினியமா என்பதைப் பொறுத்து விலை பெரிதும் மாறும். இங்கே வழக்கமாக நடக்கும் சூழ்ச்சி மிகச் சிறியது: "உண்மையான சி.எஸ்.எக்ஸ். எண் கொண்ட ஷெல்பி கோப்ரா" என்று எழுதிவிட்டு, அந்த எண் 4-இல் தொடங்குகிறது என்பதை விட்டுவிடுவது. சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. வாசிப்பவர் மனத்தில் எழும் படம் பொய். எண்ணின் நான்கு இலக்கங்களையும் எழுத்தில் கேட்டுப் பெறுவது இதற்குப் போதுமான மருந்து. எண் 3000 வரிசையில் இருந்தாலும், அது அறுபதுகளில் பயன்பட்ட எண்ணா, அந்த 43-இல் ஒன்றா என்று பதிவேட்டில் பார்த்துவிட வேண்டும்.

கன்டினியுவேஷன் வாங்குவதில் இன்னொரு குறையும் உண்டு. இவ்வகை வண்டிகள் எல்லாவற்றையும் தெருவில் ஓட்ட முடியாது. ஆஸ்டன் மார்ட்டின் 2017 முதல் செய்த 25 டி.பி.4 ஜி.டி.க்கள் பந்தயத் தடத்துக்கு மட்டுமே உரியவை. கோப்ராவுக்கு அமெரிக்காவில் இந்தத் தொல்லை குறைவு.

ஏ.சி. பக்கத்துத் தொடர்ச்சியான மார்க் 4 வகையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எண்பதுகளில் ஏ.சி. பெயரின் உரிமையையும் பழைய அச்சுக்கருவிகளையும் பெற்ற ஆட்டோகிராஃப்ட், இங்கிலாந்தின் புரூக்லேண்ட்ஸில் அலுமினிய உடலோடு செய்த வண்டிகள் அவை. ஷெல்பி என்ற பெயர் இல்லாததால் விலை மட்டாக இருக்கிறது. கையால் அடித்த அலுமினியமும் இங்கிலாந்து மரபும் வேண்டும், மறுவிற்பனையில் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது என்பவருக்கு என் கணிப்பில் இதுவே குறைவாக மதிக்கப்பட்ட நல்ல வண்டி.

ரெப்ளிக்காவும் கிட்டும்

தென்னாப்பிரிக்காவில் செய்யப்படும் சூப்பர்ஃபார்மன்ஸ் வண்டிகள் ஷெல்பியிடம் உரிமம் பெற்றவை. எஞ்சின் தவிர மற்றவை எல்லாம் பூட்டி முடிந்த நிலையில் வந்து இறங்குகின்றன. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த கிர்காம் நிறுவனம் அசலுக்கு மிக நெருங்கிய அலுமினிய உடல்களைத் தருகிறது. ஷெல்பியே தன் கன்டினியுவேஷன் வண்டிகள் சிலவற்றுக்கு அவற்றைப் பயன்படுத்தியது. மறுகோடியில், 1995-இல் மாசசூசெட்ஸில் தொடங்கிய ஃபாக்டரி ஃபைவ், பழைய ஃபோர்டு மஸ்டாங் ஒன்றைக் கழற்றிப் பாகங்களை எடுத்துப் பூட்டிக்கொள்ளும்படி கிட்டாக விற்றுப் புகழ்பெற்றது. விலையில் இவை அசலின் சிறு பின்னமே.

சூப்பர்ஃபார்மன்ஸ் போன்றவற்றில் தரம் ஒரே சீராக இருக்கும், மறுவிற்பனை எளிது. கிட்டில் தரம் முழுக்க முழுக்கப் பூட்டியவர் கையில் இருக்கிறது; பொறுமைசாலி ஒருவர் செய்ததை எடுத்து ஓட்டினால் குறை சொல்ல முடியாது, அவசரக்காரர் செய்ததில் பிரேக் குழாய் போகும் வழியைப் பார்த்தாலே பயம் வரும். ஆகவே கிட் வாங்குபவர் நிறுவனத்தின் பெயரை விசாரிப்பதைவிட, பூட்டியபோது எடுத்த படங்களையும் பில்களையும் கேட்பது மேல். அவற்றைப் பத்திரமாக வைத்திருக்கும் மனிதர் போல்ட்டுகளையும் ஒழுங்காக முறுக்கியிருப்பார் என்று நம்பலாம்.

நேர்மையான வண்டியும் பொய் பேசத் தொடங்குவது இரண்டாம் விற்பனையில்தான். முதலில் வாங்குபவருக்கு, தாம் வாங்குவது நகல் என்பது தெரியும். 1991-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, ஃபெராரியின் டேடோனா, டெஸ்டரோசா ஆகியவற்றின் தோற்றத்தில் கிட் கார் செய்து விற்ற ஒருவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தபோது, இதையே கருத்தில் கொண்டது. வாங்கியவர் ஏமாறவில்லை என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை; விற்பனைக்குப் பிறகு தெருவில் அதைப் பார்க்கும் மற்றவர்கள் குழம்புவார்கள் என்பதும் கணக்கில் வரும் என்றது. கோப்ராவைப் பொறுத்தவரை அந்தக் குழப்பத்துக்கு அரசுப் பத்திரமே துணைபோகிறது. அமெரிக்காவின் சில மாநிலங்களில், வீட்டில் கட்டிய நகல் வண்டிக்கு அது எந்த ஆண்டு வண்டியைப் போல இருக்கிறதோ அந்த ஆண்டையே உரிமைப் பத்திரத்தில் எழுதிக்கொடுக்கிறார்கள். 2004-இல் கட்டிய வண்டிக்கு '1965' என்ற பத்திரம் கிடைத்துவிடுகிறது. பத்தாண்டுக்குப் பிறகு மூன்றாவது உரிமையாளர் அதை "1965 கோப்ரா, பத்திரம் சுத்தமாக இருக்கிறது" என்று விளம்பரம் செய்தால், அவர் பொய் சொன்னதாக நிரூபிப்பது எளிதன்று. பத்திரத்திலுள்ள ஆண்டை ஒருபோதும் செய்த ஆண்டுக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பிரிட்டனில் நிலைமை சற்று மேல். ஆண்டோ அடையாளமோ உறுதியாகாத வண்டிக்கு 'க்யூ' எழுத்தில் தொடங்கும் பதிவு எண் கொடுப்பதால், பார்த்த உடனே கேள்வி கேட்கத் தோன்றும். அமெரிக்காவிலும் 2015-இல் இயற்றப்பட்டு, பல ஆண்டுகள் கழித்தே விதிகள் வகுக்கப்பட்ட சட்டத்தின்படி, ஆண்டுக்கு 325 வரை முழுமையாகப் பூட்டிய ரெப்ளிக்காக்களைச் சிறு நிறுவனங்கள் விற்கலாம். 25 ஆண்டுக்கு மேற்பட்ட வண்டியின் தோற்றம், அந்தத் தோற்றத்துக்கு உரியவரிடம் உரிமம், இந்நாளைய மாசு விதிக்குட்பட்ட எஞ்சின் ஆகியவை நிபந்தனைகள். இவ்வழியில் வரும் வண்டிகளின் ஆண்டைப் பற்றிக் குழப்பம் எழாது.

எஞ்சின் விஷயத்திலும் ஒரு சொல்விளையாட்டு நடக்கிறது. ஃபோர்டின் 351 விண்ட்சர் எஞ்சினுக்கு நீண்ட ஸ்ட்ரோக் கொடுத்து அளவைச் சரியாக 427 கன அங்குலத்துக்குக் கொண்டுவந்து ஏற்றுவது இன்று சர்வசாதாரணம். "427 எஞ்சின்" என்று விளம்பரத்தில் எழுதினால் கணக்கில் தவறில்லை. ஆனால் அறுபதுகளின் 427 எஃப்.இ. என்ற வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. எடையும் விலையும் வேறு. பானெட்டைத் தூக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும். எஃப்.இ. எஞ்சினில் நடுவிலுள்ள இன்டேக் மேனிஃபோல்டு மிக அகலமாக இருந்து, இரு பக்கத்து வால்வ் கவர்களின் உள்விளிம்பு அதன்மீதே அமர்ந்திருக்கும். விண்ட்சரில் வால்வ் கவர்கள் முழுவதும் சிலிண்டர் ஹெட்டின் மேலேயே இருக்கும், மேனிஃபோல்டு அவற்றுக்கிடையே தனியாகத் தெரியும். ஓட்டுவதற்கு இலகுவான விண்ட்சரே இனிமை என்று சொல்வோர் பலர், அதற்கு எஃப்.இ.யின் விலையைக் கொடுக்காமலிருந்தால் சரி.

உடலைத் தொட்டுப் பார்ப்பதிலும் ஒரு பொதுவான தவறு நிகழ்கிறது. காந்தம் ஒட்டவில்லை, ஆகவே அலுமினியம் என்று முடிவுகட்டுகிறார்கள். ஃபைபரிலும் காந்தம் ஒட்டாது. சக்கர வளைவின் உட்புறத்தில் விரலை விட்டுத் தடவினால், வண்ணம் படாத இடத்தில் நாரின் சொரசொரப்போ தகட்டின் வழுவழுப்போ தெரியும்.

சான்றிதழ்கள் சொல்வதும் சொல்லாததும்

"எஃப்.ஐ.ஏ. பத்திரம் உள்ள வண்டி" என்பது விலையை ஏற்றும் இன்னொரு வாசகம். வரலாற்றுப் பந்தயங்களுக்காக எஃப்.ஐ.ஏ. வழங்கும் தொழில்நுட்பக் கடவுச்சீட்டு, அந்த வண்டியின் அமைப்பு குறிப்பிட்ட காலத்து விதிகளுக்கு ஒத்திருக்கிறது என்று மட்டுமே சொல்கிறது. வண்டி அந்தக் காலத்தில் செய்யப்பட்டதா, அதன் பந்தய வரலாறு என்ன என்பவற்றுக்கு அது பொறுப்பேற்பதில்லை. சென்ற ஆண்டு கட்டிய, விதிக்கு ஒத்த வண்டிக்கும் அது கிடைக்கும். இதை அசல் என்பதற்குச் சான்றாக எடுத்து நீட்டும் விற்பனையாளர், அறியாமல் செய்கிறார் என்று எடுத்துக்கொள்வது கடினம். தனியார் நிபுணர் அறிக்கைக்கு மதிப்பு உண்டு. அதற்குப் பணம் கொடுத்தவர் விற்பவரா வாங்குபவரா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

"மேட்சிங் நம்பர்ஸ்" (சட்டகம், எஞ்சின் ஆகியவற்றின் எண்கள் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன என்பது), "அசல் வரைபடத்தின்படி கட்டியது", "அக்காலப் பாகங்களோடு" ஆகிய மூன்றும் சேர்ந்து வரும் விளம்பரங்களைத் தவிர்ப்பதே நல்லது என்பது என் முடிவு. எண்ணைப் பொறிக்க ஒரு சுத்தியலும் உளியும் போதும். வரைபடம் யார் கைக்கும் கிட்டும். அக்காலப் பாகம் என்பது ஒரே ஒரு கைப்பிடியாகவும் இருக்கலாம். இப்படி அசலுக்கும் நகலுக்கும் நடுவில் நிற்கும் வண்டிகள், அசலில் பாதி விலையில் வந்து கண்ணைக் கவரும். இந்த ஒப்பீட்டில் நான் முற்றிலும் ஒதுக்குவது இந்த ஒரு வகையைத்தான். பாதி விலை கொடுப்பவர் மீதிப் பாதியை வழக்கறிஞருக்குக் கொடுக்க நேரலாம். விற்கும்போது அதே மழுப்பல் வாக்கியத்தைத் தாமே எழுத வேண்டியும் வரும்.

எனவே முடிவை வாங்குபவரின் நோக்கம்தான் தீர்மானிக்கும். முதலீடும் வரலாறும் வேண்டும் என்றால், பதிவேட்டில் இடைவெளியில்லாத வரலாறு உள்ள அசல், அதுவும் எஞ்சின் மாறியிருந்தாலும் சட்டகம் மாறாத 289 வகை, எஸ்/சி என்ற எழுத்துக்காக இரண்டு மடங்கு கொடுப்பதைவிட அறிவுடைய வாங்கல். ஷெல்பி என்ற பெயர் வேண்டும், அச்சமின்றி ஓட்டவும் வேண்டும் என்றால் 4000 வரிசையில் அலுமினிய உடலும் எஃப்.இ. எஞ்சினும் கொண்டது. ஓட்டுவது மட்டுமே நோக்கம் என்றால் சூப்பர்ஃபார்மன்ஸ். கையால் கட்டும் இன்பமும் சேர வேண்டும் என்றால் ஃபாக்டரி ஃபைவ். மிச்சப்படும் பணத்தில் நல்ல டயர்களும் பிரேக்கும் வாங்கலாம்.

எந்த வகையானாலும் பணம் கைமாறும் முன் விற்பனைப் பத்திரத்தில் நான்கு விவரங்கள் விற்பவரின் கையொப்பத்தோடு இடம்பெற வேண்டும்: சட்டகத்தைச் செய்தவர், செய்த ஆண்டு, எஞ்சினின் குடும்பமும் பிளாக்கின் வார்ப்பு எண்ணும், உடல் எந்தப் பொருளால் ஆனது என்பது. அமெரிக்காவின் பொது வணிகச் சட்டத்தின்படி, "அருமையான வண்டி" போன்ற புகழ்ச்சிக்கு விற்பவர் பொறுப்பில்லை; ஆனால் பொருளைப் பற்றிய விவரிப்பு பேரத்தின் அடிப்படையாக அமைந்தால் அது உத்தரவாதமாகிறது. பிரிட்டனிலும் விவரிப்புக்கு ஒத்த பொருளைத் தர வேண்டிய கடமை விற்பவருக்கு உண்டு. இந்த நான்கு விவரங்களையும் எழுதித்தர மறுத்து, "பத்திரத்தில் 1965 என்றுதானே இருக்கிறது" என்று விற்பவர் சொன்னால், முன்பணம் கொடுக்காமல் அடுத்த வண்டியைப் பார்க்கப் போகலாம்.